கிழங்கு பிஸ்கட்டும் ஊர்ப்பெயரும்

கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமையன்று நண்பர்களின் பிள்ளைகளை ஒரு வீட்டில் கூட்டி, ஏதேனும் ஒரு பலகாரத்தைச் சேர்ந்து செய்வது சில ஆண்டுகளாக எங்கள் வட்டத்தில் வழக்கமாகிவிட்டது. எங்களில் கிறிஸ்தவர் பாதிப்பேர்; மீதிப்பேர் பலகாரத்துக்காக வருபவர்கள். முதலாண்டு கலகலா செய்தோம். முள்கரண்டியின் முதுகில் மாவை அழுத்திச் சுருட்டுவதற்குப் பெரியவர்களின் விரல்களைவிடப் பிள்ளைகளின் விரல்களே ஏற்றவை என்பது அன்று தெரிந்தது. அடுத்த ஆண்டு அச்சுமுறுக்கு. எண்ணெய்ச் சட்டியருகே அவர்களை விட இயலாததால், பாவம், வேடிக்கை பார்த்ததோடு சரி. ஆகவே சென்ற டிசம்பரில் எண்ணெய் வேண்டாம், ஓவனில் வேகும் பண்டமாக இருக்கட்டும் என்று முடிவாயிற்று. நண்பர் ஒருவர், 'குழந்தைகளுடன் செய்யப் பாரம்பரிய ஆப்பிரிக்கச் சர்க்கரைவள்ளி பிஸ்கட்' என்று தலைப்பிட்ட செய்முறைத் தாளொன்றைக் கொண்டுவந்தார். பெயரே எங்களுக்குப் பிடித்துப்போயிற்று. இலக்கியம் பேசுகிறவர்களுக்குத் தலைப்பு பிடித்துவிட்டால் உள்ளே என்ன இருக்கிறதென்று பார்க்கும் பொறுமை இருப்பதில்லை.

பிஸ்கட்டுகள் வெந்துகொண்டிருக்கையில் டப்பாக்களுக்குச் சீட்டு எழுதும் பொறுப்பை ஒன்பது வயதுப் பெண்ணொருத்தி ஏற்றுக்கொண்டாள். யாரோ வாங்கிவந்திருந்த மக்கரூன் டப்பாவின் மேல் 'தூத்துக்குடி' என்றும், அல்வாப் பொட்டலத்தின் மேல் 'திருநெல்வேலி' என்றும் எழுதி முடித்துவிட்டு, "இதுக்கு எந்த ஊர்னு போடணும் மாமா?" என்று கேட்டாள். ஆப்பிரிக்கா என்று போடச் சொன்னோம். "அது ஊர் இல்லையே" என்றாள். அங்கே ஆறேழு பெரியவர்கள் இருந்தோம். சினுவா ஆச்செபேயைப் படித்தவர்கள் இருந்தார்கள். கூகி வா தியாங்கோவைப் பற்றி மணிக்கணக்கில் பேசக்கூடியவர் ஒருவர் இருந்தார். ஒருவராலும் பதில் சொல்ல முடியவில்லை.

அந்தக் கேள்வியை ஓரிரு வாரம் விடாமல் துரத்தியதன் விளைவே இக்கட்டுரை. இதைப் படித்துவிட்டு, 'ஒரு பிஸ்கட்டுக்கு இத்தனை ஆராய்ச்சியா?' என்று கேட்பீர்களானால், எங்களுக்குள்ளேயே ஒருவர் அப்படிக் கேட்டுவிட்டார் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம். அவருக்குரிய மறுமொழி பின்னால் வருகிறது.

முதலில் 'ஆப்பிரிக்கா' என்ற சொல். ஐம்பத்துநான்கு நாடுகள் கொண்ட கண்டத்துக்கு ஒரே கிறிஸ்துமஸ் பண்டம் இருக்க முடியுமா? எத்தியோப்பியாவின் பழைமையான திருச்சபை கிறிஸ்து பிறப்பை ஜனவரி 7ஆம் நாள் கொண்டாடுகிறது. அதற்கு முந்தைய நாற்பத்துமூன்று நாட்களும் அங்கே நோன்பு. இறைச்சி மட்டுமன்றி முட்டை, பால், வெண்ணெய் எல்லாமே விலக்கு. ஆக டிசம்பர் 25 அன்று நாம் வெண்ணெயும் முட்டையும் அடித்துக் கலக்கி 'ஆப்பிரிக்கக் கிறிஸ்துமஸ் பிஸ்கட்' செய்கையில், ஆப்பிரிக்காவின் மிகப் பழைய கிறிஸ்தவக் குடும்பங்கள் அவை இரண்டையும் கையால் தொடாமல் இருக்கும். நைஜீரியாவுக்குப் போனால் கதையே வேறு. அங்கே கிறிஸ்துமஸ் என்றால் சின்-சின். மைதாவில் சர்க்கரை, வெண்ணெய், பால், துளி சாதிக்காய் சேர்த்துப் பிசைந்து, சிறு சிறு சதுரங்களாக வெட்டி எண்ணெயில் பொரித்தெடுப்பது. நம் டீக்கடைக் கண்ணாடி ஜாடிகளில் சாய்சதுரமாகக் கிடக்கும் மைதா பிஸ்கட்டை நினைத்துக்கொள்ளுங்கள், ஏறத்தாழ அதுதான். விருந்தாளிகளுக்குத் தட்டில் நீட்டவும், போகும்போது பொட்டலம் கட்டித் தரவும் அங்கே வீடுதோறும் சின்-சின் செய்து வைத்துக்கொள்கிறார்கள். மாவை வெட்டுவது பெரும்பாலும் பிள்ளைகளின் வேலை. கிழக்குக் கடற்கரைப் பக்கம் மந்தாசி. அதுவும் எண்ணெயில் பொரிப்பதே. கவனித்தால், இவற்றில் ஓவன் எங்கும் இல்லை. கிராமத்து வீடுகளில் ஓவன் அரிதாக உள்ள பகுதிகளில் ஓவன் பிஸ்கட் எப்படிப் 'பாரம்பரியம்' ஆயிற்று என்ற ஐயம் அங்கேயே தொடங்கிவிட்டது.

இருந்தபோதிலும் அந்தத் தாள் முற்றிலும் பொய் சொல்லவில்லை. தேடிய அளவில் அந்தப் பண்டத்துக்கு ஓர் ஊர் கிடைத்தது: மலாவி. தென்கிழக்கு ஆப்பிரிக்காவில், நீண்ட ஏரியொன்றின் கரையோரமாகக் கிடக்கும் ஒடுங்கிய நாடு. அங்கே 'ம்பத்தாத்தா' என்ற பெயரில் சர்க்கரைவள்ளிக் கிழங்கு பிஸ்கட் உண்டு. வேகவைத்து மசித்த கிழங்கு, மைதா, உருக்கிய வெண்ணெய் அல்லது மார்கரின், கொஞ்சம் பால், சர்க்கரை, பேக்கிங் பவுடர். மேலே பட்டைத்தூளும் சர்க்கரையும் தூவுவார்கள். எங்கள் தாளில் இருந்ததும் ஏறக்குறைய இதுவே. தேனும் எலுமிச்சைத் தோலும் வழியில் யாரோ சேர்த்தவையாக இருக்கலாம்.

இந்த 'ம்பத்தாத்தா' என்ற சொல்லில் எங்கள் மனம் வெகுநேரம் சிக்கிக்கொண்டது. மலாவியின் சிச்சேவா மொழியில் அது சர்க்கரைவள்ளிக் கிழங்கையே குறிக்கும். சொல்லின் வேர் கரீபியத் தீவுகளில் இருக்கிறது. 1492இல் கொலம்பஸ் கரையிறங்கியபோது அங்கே வாழ்ந்த டாயினோ மக்கள் இக்கிழங்கை 'பட்டாட்டா' என்றார்கள். ஸ்பானியரும் போர்த்துக்கீசியரும் கிழங்கையும் சொல்லையும் ஒருசேரக் கப்பலில் ஏற்றினார்கள். டாயினோ மக்களில் பெரும்பாலோர் நோயாலும் கொடுமையாலும் சில பத்தாண்டுகளில் அழிந்துபோக, அவர்களுடைய சொல் மட்டும் உலகைச் சுற்றி வந்தது. மராத்தியிலும் குஜராத்தியிலும் அது உருளைக்கிழங்கின் மேல் போய் உட்கார்ந்துகொண்டது. மும்பையின் வடா பாவுக்குள் இருக்கும் 'பட்டாட்டா' அதுதான். ஆங்கிலத்தின் 'பொட்டேட்டோ'வும் அதுவே. சிங்களத்தின் 'பத்தல', ஈழத்தமிழரின் 'வத்தாளை' ஆகியவற்றை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தால் அந்தப் பழைய ஒலி காதில் விழும். ஒன்பது வயதுச் சிறுமி சீட்டில் எழுத ஓர் ஊர்ப்பெயர் கேட்கப்போய், அழிந்துபோன ஒரு மக்கள் கூட்டத்தின் நாவசைவு எங்கள் அடுக்களைக்குள் வந்து நின்றது.

ஆக, கிழங்கின் தாயகம் அமெரிக்கக் கண்டம். ஆப்பிரிக்காவுக்கு அது 16ஆம் நூற்றாண்டுக்குப் பின் போனது. மைதாவின் கோதுமை மேற்காசியாவில் பிறந்தது. மலாவியின் அன்றாட உணவோ மக்காச்சோள மாவைக் கிண்டிச் செய்யும் ன்சீமா (அந்த மக்காச்சோளமும் அமெரிக்காவிலிருந்து வந்ததுதான்). பிஸ்கட் என்ற வடிவம் வெள்ளையரின் தேநீர் மேசையைச் சேர்ந்தது. 1875இல் ஸ்காட்லாந்து மிஷனரிகள் அந்த ஏரிக்கரைக்கு வந்தார்கள். 1891 முதல் 1964 வரை பிரிட்டிஷ் ஆட்சி. இடையே முலஞ்சே, தியோலோ மலைச்சரிவுகளில் தேயிலைத் தோட்டங்கள். தேநீர் இருந்தால் கூடவே பிஸ்கட்டும் வந்துதானே தீரும்? வெள்ளைக்காரர் அடுக்களையில் கோதுமை மாவு போதாதபோது ஒரு சமையற்காரர் கிழங்கை மசித்துச் சேர்த்திருப்பார் என்று கற்பனை செய்துகொள்ள எங்களுக்கு விருப்பமாக இருக்கிறது. கற்பனைதான், ஆதாரம் கேட்காதீர்கள்.

எங்களில் ஒருவர், அப்படியானால் 'பாரம்பரிய ஆப்பிரிக்க' என்ற இரண்டு சொற்களையுமே அடித்துவிட வேண்டியதுதான் என்றார். இங்கேதான் நாங்கள் அவரிடமிருந்து வேறுபட்டோம். நானூறு ஆண்டுகள் ஒரு மண்ணில் ஊன்றிய கிழங்கு அந்த மண்ணுக்குச் சொந்தமில்லை என்றால், மிளகாய் நமக்குச் சொந்தமில்லை. தக்காளி ரசம் நமக்குச் சொந்தமில்லை. இன்னும் பின்னால் போனால் நிலைமை மோசமாகும். இன்று கடைதோறும் 'பாட்டன் காலத்துப் பாரம்பரியத் தானியம்' என்று பொட்டலமிட்டு விற்கிறார்களே, அவற்றுள் சோளம் வடகிழக்கு ஆப்பிரிக்காவிலும், கம்பு சகாராவின் தென்விளிம்பிலும், கேழ்வரகு கிழக்கு ஆப்பிரிக்க மேட்டுநிலத்திலும் முதன்முதலில் பயிரானவை. மூவாயிரம், நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன் கடல்வழியாகவோ கரைவழியாகவோ இங்கே வந்து சேர்ந்தன. சாமை, வரகு போன்ற சிலவே இந்த மண்ணிலேயே பிறந்தவை. நம் புளியமரத்தின் தாயகமும் வெப்பமண்டல ஆப்பிரிக்காதான் என்பது தாவரவியலாரின் முடிவு. அரேபியர் அதற்கு 'இந்தியப் பேரீச்சை' என்று பெயரிட்டுவிட்டதால் உலகம் அதை நம்முடையது என்று நினைத்துக்கொண்டிருக்கிறது, நாமும் மறுக்கவில்லை. கேழ்வரகுக் கூழையும் புளிக்குழம்பையும் விட்டுக்கொடுக்க நாம் ஆயத்தமில்லையென்றால், மலாவிக்காரரின் ம்பத்தாத்தாவை மட்டும் வந்தேறி என்று ஒதுக்குவது நியாயமாகாது.

எனவே எங்கள் மறுப்பு 'பாரம்பரியம்' என்ற சொல்லின் மேல் அன்று. ஊரைச் சொல்லாமல் கண்டத்தைச் சொல்லும் சோம்பலின் மேல்.

அந்தச் சோம்பல் தீங்கற்றது என்று முன்பு எண்ணியிருந்தோம். 2017 மார்ச்சில், தில்லியை ஒட்டிய கிரேட்டர் நொய்டாவில் பள்ளி மாணவர் ஒருவர் இறந்ததையடுத்து, அங்கே படிக்கவந்திருந்த ஆப்பிரிக்க மாணவர்கள் நரமாமிசம் தின்பவர்கள் என்ற வதந்தி பரவியது. கும்பல் ஒன்று வணிக வளாகத்துக்குள் புகுந்து, கையில் கிடைத்த நாற்காலியையும் குப்பைத்தொட்டியையும் எடுத்து அவர்களை அடித்தது. அந்தக் கும்பலில் இருந்தவர்களும் ஒரு காலத்தில் எங்கோ ஒரு வகுப்பறையில் ஆப்பிரிக்காவின் வரைபடத்துக்குப் பச்சை வண்ணம் தீட்டியவர்கள்தாம். காடு, சிங்கம், முரசு, பஞ்சம் என்று நான்கு படங்களோடு முடிந்துபோகும் ஒரு கண்டத்தில், லாகோஸிலிருந்து கணினி படிக்கவந்த இளைஞனுக்கு இடமே இல்லை. பெயரற்ற இடத்திலிருந்து வருகிறவனைப் பற்றி எதையும் நம்பலாம். பிஸ்கட் செய்தால் இதெல்லாம் மாறிவிடும் என்று நாங்கள் சொல்லவரவில்லை. அவ்வளவு வெகுளிகள் அல்லோம். ஆனால் பிள்ளைகளை நாமே கூப்பிட்டு உட்கார்த்தி வைத்து, நாமே ஒரு கண்டத்தின் பெயரைச் சொல்லும்போது, அதை ஐந்தாவது படமாக ஆக்கிவிடக் கூடாதல்லவா?

செய்முறைத் தாளின் மூலையில் பனித்துளி வடிவ அச்சு ஒன்றும் வரையப்பட்டிருந்தது. மலாவியில் டிசம்பர் மழைக்காலம். சர்க்கரைவள்ளிக் கொடியை வெட்டி மேட்டுப்பாத்தியில் நடும் காலம். கிழங்கு தோண்ட ஏப்ரல், மே ஆகிவிடும். சென்ற ஆண்டு மக்காச்சோளம் குதிரில் தீர்ந்து, புதியது இன்னும் கதிர் பிடிக்காத மாதங்கள் அவை. ஏழைக் குடியானவர் வீடுகளில் ஆண்டிலேயே பசி மிகுந்த பருவமும் அதுதான். கிறிஸ்துமஸ் அன்று முடிந்தவர்கள் ன்சீமாவை விட்டுவிட்டுச் சோறும் கோழியும் சமைக்கிறார்கள். நாம் தீபாவளிக்கு இட்லியைச் சிறப்பாக எண்ணிய காலத்தை நினைவுபடுத்தும் செய்தி இது. பனித்துளி அச்சை நாங்கள் பயன்படுத்தவில்லை. கொள்கையால் அன்று, அச்சு கிடைக்கவில்லை. பித்தளை டம்ளரைக் கவிழ்த்து வட்டமாக வெட்டினோம்.

பசி என்று சொன்னதால் கிழங்கின் நிறத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். தாளிலிருந்த படத்தில் பிஸ்கட் ஆரஞ்சு நிறத்தில் மின்னியது. எங்கள் தட்டிலிருந்து இறங்கியதோ வெளிறிய சாம்பல் மஞ்சள். பிள்ளைகள் முகம் வாடிவிட்டது. ஒரு பையன் கேசரிப் பவுடர் போடலாமா என்றான். நம் சந்தையில் கிடைப்பது சிவப்புத் தோலும் வெள்ளைச் சதையும் கொண்ட கிழங்கு. அதில் அந்த நிறம் வராது. கிழக்கு ஆப்பிரிக்காவிலும் காலங்காலமாக வெள்ளைச் சதைக் கிழங்கைத்தான் உண்டுவந்தார்கள். ஆரஞ்சு நிறத்தைத் தருவது பீட்டா கரோட்டின். உடம்பு அதை வைட்டமின் 'ஏ'யாக மாற்றிக்கொள்ளும். அந்தச் சத்துக் குறைவால் கண்ணொளி இழந்த, சிறு நோய்களுக்கும் பலியான குழந்தைகள் அக்கண்டத்தில் ஏராளம். நாள்தோறும் 125 கிராம் ஆரஞ்சுக் கிழங்கு ஒரு சிறு குழந்தையின் அன்றாடத் தேவைக்குப் போதுமானது.

இவ்வளவு எளிய தீர்வென்றால் பிறகென்ன தடை என்று கேட்கத் தோன்றும். தடை நாக்கில் இருந்தது. தொடக்கத்தில் வந்த ஆரஞ்சு ரகங்கள் நீர்த்த தன்மையுடையவை. பிள்ளைகள் விரும்பினார்கள், மாவுபோல் உதிரும் வெள்ளைக் கிழங்குக்குப் பழகிய பெரியவர்கள், 'இது என்ன கிழங்கா, களியா?' என்ற பாவனையில் ஒதுக்கினார்கள். கேப் வெர்தேயைச் சேர்ந்த மரியா அந்த்ராதே மொசாம்பிக்கிலும், ராபர்ட் ம்வாங்கா தம் தாய்நாடான உகாண்டாவிலும் ஆண்டுக்கணக்கில் உழைத்து, உதிரும் பதமும் வறட்சி தாங்கும் வலுவும் ஆரஞ்சு நிறமும் ஒருசேர வாய்த்த ரகங்களை உருவாக்கினார்கள். ஜான் லோ என்ற அமெரிக்கப் பெண்மணி அவற்றை உண்ட குழந்தைகளின் உடலில் சத்து உண்மையிலேயே கூடுகிறது என்பதை மொசாம்பிக்கில் களஆய்வு செய்து காட்டினார். வண்டிகளுக்கு ஆரஞ்சு வண்ணம் பூசி, தாமும் ஆரஞ்சு உடை உடுத்தி, பாட்டும் நாடகமுமாக ஊர் ஊராகப் போய்க் கொடிக்குச்சிகளைக் கொடுத்தார்கள். 2016ஆம் ஆண்டின் உலக உணவுப் பரிசு இம்மூவருக்கும், சத்தேற்றிய பயிர்கள் என்ற கருத்துக்காகப் போராடிய ஹவர்த் பூயிஸ் என்பவருக்கும் வழங்கப்பட்டது. மலாவியில் வெளியான ஆரஞ்சு ரகமொன்றுக்கு 'கட்யாவுப்வெரேரே' என்று பெயர். 'தின்றுவிட்டு மறுபடி வா' என்று பொருளாம். பயிருக்குப் பெயர் வைப்பதில் நம் ஆய்வு நிலையங்கள் கற்றுக்கொள்ள வேண்டியது நிறைய இருக்கிறது. (திருவனந்தபுரத்துக் கிழங்கு ஆராய்ச்சி நிறுவனத்தார் தம் ஆரஞ்சு ரகத்துக்கு 'பூ சோனா' என்று பெயரிட்டிருக்கிறார்கள், அதுவும் பரவாயில்லை.) கிழங்கு மசியலைக் கோதுமை மாவில் கலந்து ருவாண்டாவில் பிஸ்கட்டே தயாரித்து விற்கிறார்கள். பீட்டா கரோட்டின் உடம்பில் சேரக் கொழுப்பு வேண்டும் என்பதால், வெண்ணெய் சேர்ந்த பிஸ்கட் அதற்கு நல்ல வாகனம்.

இதையெல்லாம் ஒன்பது வயதுக் குழந்தைக்குச் சொல்வதா என்று கேட்ட நண்பருக்கு இனி மறுமொழி. சொல்லலாம், அதற்கு எங்களிடம் சான்றும் உண்டு.

கிழங்கு வேகும் நேரத்தில், கையிலிருந்த வனிலா எசன்ஸ் குப்பியை வைத்து ஒரு கதை சொன்னோம். வனிலா மெக்சிகோவின் கொடி, ஆர்க்கிட் இனம். ஐரோப்பியர் அதை இந்துமாக்கடல் தீவுகளுக்குக் கொண்டுபோய் நட்டார்கள். கொடி படர்ந்தது, பூவும் பூத்தது, ஆனால் காய்க்கவில்லை. பூவுக்குள் ஆண்பகுதிக்கும் பெண்பகுதிக்கும் இடையே ஒரு மெல்லிய சவ்வு தடுக்கிறது. தாயகத்தில் அதைக் கடந்து மகரந்தம் சேர்க்கும் பூச்சிகள் இங்கே இல்லை. பெல்ஜியத்துத் தாவரவியலார் ஒருவர் 1836இல் கண்ணாடிக் கூடத்தில் கையால் காய்க்கவைத்துக் காட்டினார். தோட்டத்துக்கு அது உதவவில்லை. ஆப்பிரிக்காவின் கிழக்கே, மடகாஸ்கருக்கு அப்பால், இன்று ரீயூனியன் எனப்படும் தீவில் எட்மோன் என்றொரு சிறுவன் இருந்தான். அடிமைத்தாய்க்குப் பிறந்தவன். குடும்பப் பெயர் கிடையாது. அடிமைகளுக்கு அது கிடையாது. எஜமானரின் பின்னால் தோட்டத்தில் சுற்றிச் சுற்றிச் செடிகளைப் பழகியவன். 1841இல், பன்னிரண்டு வயதில், மெல்லிய குச்சியொன்றால் அந்தச் சவ்வைத் தூக்கி, கட்டைவிரலால் மகரந்தத்தை அழுத்திச் சேர்த்துவிட்டான். சில வாரங்கள் கழித்து எஜமானர் வந்து பார்த்தால், இருபது ஆண்டுகளாக மலடாகக் கிடந்த கொடியில் காய்! முதலில் அவர் நம்பவில்லை. பிறகு அக்கம்பக்கத்துத் தோட்டங்களுக்கெல்லாம் பையனை அழைத்துக்கொண்டுபோய் மற்ற அடிமைகளுக்குக் கற்பிக்கச் செய்தார். இன்றளவும் உலகின் வனிலாப் பூக்கள் அந்தச் சிறுவனின் முறைப்படியே கையால் இணைக்கப்படுகின்றன. உலகுக்கு மிக அதிகமாக வனிலா தரும் நாடு இப்போது மடகாஸ்கர்.

1848இல் பிரெஞ்சுக் குடியேற்றங்களில் அடிமைமுறை ஒழிந்தபோது அவனுக்கு விடுதலையும் 'அல்பியஸ்' என்ற குடும்பப் பெயரும் கிடைத்தன. பணம் கிடைக்கவில்லை. திருட்டுக் குற்றத்துக்காகச் சிறையில் கிடந்தான். கண்டுபிடிப்பு தன்னுடையது என்று ஒரு தாவரவியலார் உரிமை கொண்டாடியபோது, பழைய எஜமானர் பெல்லியர்-பொமோன் இல்லை, அது எட்மோனுடையது என்று எழுதிப் பதிவுசெய்தார்; அந்த நேர்மைக்காக அவரை மதிக்கலாம், அடிமை வைத்திருந்ததை மன்னிக்க வேண்டியதில்லை. எட்மோன் அல்பியஸ் 1880இல் வறுமையில் இறந்தார். அடிமைகள் விடுதலை பெற்றதும் காலியான கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறிப் போனவர்களில் தமிழர் பெருந்தொகையினர். அவர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் அத்தீவில் இருக்கிறார்கள். தீமிதித் திருவிழா நடத்துகிறார்கள்.

இதைச் சொல்லி முடித்தபோது அடுக்களையில் சத்தமே இல்லை. கேசரிப் பவுடர் கேட்ட பையனுக்குப் பன்னிரண்டு வயது. "என் வயசா?" என்று மட்டும் கேட்டான். பிறகு எசன்ஸ் குப்பியை வாங்கி முகர்ந்து பார்த்தான். (கடைக் குப்பியில் இருப்பது பெரும்பாலும் செயற்கை மணம் என்ற உண்மையை அந்த நேரத்தில் சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. கட்டுரையில் சொல்லிவிட்டோம்.) சிறை என்றும் அடிமை என்றும் சொல்லக் கூடாதோ என்று தயங்கியது நாங்கள்தாம். அவர்கள் தயங்கவில்லை. ஏன் பணம் கொடுக்கவில்லை, யார் கொடுத்திருக்க வேண்டும், இப்போதாவது கொடுக்கலாமா என்று கேள்விகள் வந்தன. கடைசிக் கேள்விக்கு எங்களிடம் விடையில்லை.

குழந்தை இலக்கியம் குறித்துப் பேசும்போதெல்லாம், எளிமை வேறு, மழுப்பல் வேறு என்று நாம் மேடையில் முழங்குகிறோம். சமையலறையில் அதே மழுப்பலைச் செய்கிறோம். 'பாரம்பரிய ஆப்பிரிக்க' என்ற தொடர் எளிமையானதன்று. அது எதையும் சொல்லாதது. 'மலாவி' என்பது எளிமையானது. மூன்றே எழுத்து, வரைபடத்தில் விரல் வைத்துக் காட்டலாம்.

அமெரிக்கக் கறுப்பின மக்களின் அடுக்களைக்கும் இதில் பங்குண்டு என்பது எங்கள் ஊகம். மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து கடத்தப்பட்டவர்கள் தம் ஊர் யாம் கிழங்கின் இடத்தில் சர்க்கரைவள்ளியைக் கண்டு, பழைய பெயரையே அதற்கு இட்டார்கள். அடிமையாகப் பிறந்த ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர், டஸ்கீகி கல்விநிலையத்திலிருந்து 1922இல் சர்க்கரைவள்ளியைச் சேமிக்கவும் சமைக்கவும் வழிசொல்லும் சிறு நூலொன்றை ஏழை உழவர்களுக்காக எழுதினார். 1966இல் தொடங்கிய குவான்சா விழாவும் டிசம்பர் 26இல் ஆரம்பிக்கிறது. பள்ளிகளுக்கென்று அச்சாகும் தாள்களில் இவையெல்லாம் ஒன்றன்மேல் ஒன்று படிந்து 'ஆப்பிரிக்க' என்ற ஒற்றைச் சொல்லாகியிருக்கலாம். அது தனியே எழுத வேண்டிய கதை.

செய்து பார்க்க விரும்புவோருக்கு, பட்ட அனுபவத்திலிருந்து: கிழங்கை நீரில் போட்டு வேகவைக்காதீர்கள், நாங்கள் அப்படிச் செய்ததால் மாவு கையெல்லாம் ஒட்டி, முதல் தட்டு தோசைபோல் பரவிவிட்டது. தோலோடு ஆவியிலோ தணலிலோ வேகவையுங்கள். ஆறியபின் மசித்தது 200 கிராம், மைதா கால் கிலோ, உருக்கிய வெண்ணெய் 75 கிராம், சர்க்கரை அதே அளவு, பேக்கிங் பவுடர் ஒன்றரைத் தேக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை, வனிலா சில துளிகள். பால் தேவையிருந்தால் மட்டும். பிசைந்ததை அரைமணி நேரம் குளிரில் வைத்து, அரைவிரல் கனத்துக்குத் திரட்டி வெட்டி, 180 பாகையில் பதினைந்து நிமிடம். பட்டைத்தூள் கலந்த சர்க்கரையைச் சூட்டோடு தூவும் வேலையைப் பிள்ளைகளுக்கு விட்டுவிடுங்கள். தரையிலும் கொஞ்சம் தூவுவார்கள். மொறுமொறுப்பை எதிர்பார்க்க வேண்டாம். இது மெத்தென்றுதான் இருக்கும். மறுநாள் தீர்த்துவிட வேண்டும்.

சீட்டு எழுதிய சிறுமியிடம் மூன்று வாரம் கழித்து ஊரைச் சொன்னோம். அதற்குள் பிஸ்கட் தீர்ந்து டப்பா மட்டும் மிஞ்சியிருந்தது. 'மலாவி' என்று எழுதி, கீழே அடைப்புக்குறிக்குள் 'கிழங்கு: ஒட்டன்சத்திரம்' என்றும் சேர்த்துக்கொண்டாள். இந்த டிசம்பருக்கு ஆரஞ்சுக் கிழங்கு எங்கே கிடைக்குமென்று விசாரித்துக்கொண்டிருக்கிறோம்.